சேற்றில் உட்கார்ந்த படகு

செம்பூர் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தாணேயிலிருந்து மகன் போன் செய்தான்.

"அம்மா, எங்களால வர முடியாது. ஆபீஸ்ல சிஸ்டம் படுத்துடுத்து. நான் லாப்டாப்பை விட்டு நகர முடியாது. இவளுக்கும் ஜலதோஷம். படகுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு. நீங்க ரெண்டு பேருமா போய்ட்டு வாங்கோ."

ரெண்டு பேர் என்று அவன் சொன்னது என்னையும் அவனுடைய மாமியாரையும். அந்த அம்மாள் தாராவியிலிருந்து ஆட்டோ பிடித்துக் கிளம்பியாகிவிட்டது. இன்னும் சில நிமிஷங்களில் எங்கள் கேட் முன்னால் வந்து நிற்பார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, மாட்டுங்காவில் ஒரு ஹாலில் சாப்பாடு என்று எளிமையாக நடந்த கல்யாணம். நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் செம்பூரில் இருப்பவர்கள். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள். கணவர் காலமான பிறகு அந்த அம்மாள் ஒருத்தியாகவே கடையை நடத்தி மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தார்கள். சண்டை சச்சரவு எதுவும் எங்களுக்குள் கிடையாது. பேச்சும் கிடையாது. சந்தித்த மூன்று நான்கு தடவையும் "சாப்பிடுங்கோ", "இருக்கட்டும்", "இன்னும் கொஞ்சம்", "போதும் மேடம்" என்பதோடு முடிந்தது. நான் பேங்கில் வேலை பார்த்தவள் என்பதால் அவர்களுக்கு நான் மேடம். நான் அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலேயே சமாளித்துவந்தேன். எப்போதும் நடுவில் பிள்ளைகள் இருந்ததால் அது முடிந்தது.

பறவை பார்க்கும் பைத்தியம் எனக்கு ரிடயரான பிறகு வந்தது. பிரிவுபசாரத்துக்கு மகன் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தான். முதலில் பால்கனியிலிருந்து குக்குறுவானும் மீன்கொத்தியும் பார்த்தேன். அப்புறம் காலை நடையைப் பறவைகள் இருக்கும் பக்கமாக மாற்றிக்கொண்டேன். பூநாரைகளை மட்டும் கரையிலிருந்துதான் பார்த்திருந்தேன். கடற்கழியின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லித்தான் மகன் டிராம்பேயில் மீனவர் படகு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தான். அதனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல காட்டன் புடவை, நெற்றியில் விபூதி, மடியில் கைப்பை. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வந்திருந்தார்கள் சம்பந்தி.

"பிள்ளைங்க வரலையாமே. மக போன் போட்டா" என்றார்கள்.

"ஆமாம். நாம ரெண்டு பேர்தான். உங்களுக்குச் சிரமம்னா..."

"எனக்கு என்ன சிரமம், மேடம். கடைய பையன் தெறந்துருவான்."

"காலம்பற ஏதாவது சாப்பிட்டேளா?"

"ரெண்டு பிஸ்கட்டு தின்னேன். வந்து உங்க வீட்டுலதான சாப்பிடப் போறோம்."

அடைக்கு அரைத்து வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று படகுக்காரர் மகனிடம் சொல்லியிருந்தார். எனக்கும் வெறும் காப்பிதான் வயிற்றில்.

டிராம்பே போகும் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்கூண்டுகளைத் தாண்டியதும் கோளிவாடா என்ற மீனவர் குப்பம். மீன் வலைகள், காயும் இறால், நாய்கள். படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, காலில் ஒன்றுமில்லை. எங்களைக் கைப்பிடித்து ஏற்றினார். படகு சின்னது. மேலே ஒரு நீல தார்ப்பாய். எஞ்சினைத் தட்டியதும் டீசல் வாசனையோடு கிளம்பியது.

போகும் வழியெல்லாம் அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கொக்குகள், அரிவாள்மூக்கன்கள். ஒரு பூனைப்பருந்து தண்ணீரை உரசுகிறாற்போலத் தாழப் பறந்துபோனது. நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்பியபோது படகுக்காரர் கையசைத்து வேண்டாம் என்றார். "உதர் நஹி, மேடம். லஃப்டா ஹோகா." அங்கே பார்த்தால் வம்பு வரும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். பருந்தின் பின்னாலேயே போய்விட்டேன்.

திறந்த நீருக்கு வந்ததும் தூரத்தில் அந்தக் கோடு தெரிந்தது. படகுக்காரர் எஞ்சினின் சத்தத்தைக் குறைத்துக் கரையோரமாக விட்டார். கோடு மெல்ல மெல்லப் பிரிந்து கால்களும் கழுத்துகளுமாக ஆனது. நூற்றுக்கணக்கில் நின்றன. நான் பைனாகுலரை அவர்களிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"எல்லாம் தலைய கீழ போட்டுத் திங்குது" என்றார்கள். பிறகு, "இதுக்கா மேடம் இம்புட்டுத் தூரம் வருதீய?" என்று கேட்டார்கள். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம், இதுக்குத்தான்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று படகுக்காரரைக் கேட்டது நான்தான். அவரும் வாட்சைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். சற்று தூரம் போனதும் எஞ்சின் ஒருமாதிரி முக்கி, கரகரத்து, நின்றது. அவர் குனிந்து பார்த்து வாய்க்குள் ஏதோ திட்டினார். புரொப்பெல்லரில் பழைய நைலான் வலை ஒன்று பிளாஸ்டிக் பைகளோடு சேர்ந்து சுற்றிக்கிடந்தது. கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். அறுக்க அறுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் அதை முழுசாக விடுவித்து நிமிர்ந்தபோது படகு அசையவில்லை. கழியைக் கீழே விட்டுத் தள்ளிப் பார்த்தார். கழி பாதிக்குமேல் சேற்றுக்குள் போனது. படகு போகவில்லை.

"ஓட்டி" என்றார். தண்ணீர் இறங்குவதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் சேற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டோம்.

இறங்கி நடக்க முடியாது, இடுப்பளவு சேறு. போன் போட்டுத் தன் தம்பியிடம் மராத்தியில் பேசினார். தண்ணீர் ஏறாமல் எந்தப் படகும் கிட்டே வர முடியாது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. எத்தனை நேரமாகும் என்று கேட்டதற்குச் சூரியனைக் காட்டி, அது அங்கே வர வேண்டும் என்று உச்சியைக் காட்டினார். "டென்ஷன் நை லேனே கா" என்று, கவலைப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவருடைய முகத்திலேயே டென்ஷன் இருந்தது.

வீட்டுக்கு போன் செய்து என் கணவரிடம் தாமதமாகும் என்று மட்டும் சொன்னேன். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் தாணேயிலிருந்து கடலோரக் காவல்படையையே கூப்பிட்டிருப்பான்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர்கள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட்டிவந்து இப்படிச் சேற்றில் உட்காரவைத்துவிட்டாளே என்று நினைக்கத்தானே செய்வார்கள். நான் பைனாகுலரைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டேன். உள்ளான்கள் கூட்டமாக வந்து இறங்கிச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. அவற்றை இனம் பிரிக்கிற சாக்கில் திரும்பாமலேயே இருந்தேன்.

"அந்தத் தட்டு எல்லாம் உள்ள எடுத்து வைக்கலையே" என்றார்கள் திடீரென்று.

"என்ன தட்டு?"

"கடை வாசல்ல அடுக்கி வச்சது. மழ வருதுல்லா."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மூக்கு நுனியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை. வெயிலின் வியர்வை அல்ல அது. தார்ப்பாய் நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கையைத் தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தது. விரல்கள் புடவை நுனியைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தன.

இந்தக் கையை எனக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். என் கணவருக்குச் சர்க்கரை. ஒருமுறை செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இதேபோலச் சில்லிட்ட கையோடு, இல்லாத ஒரு பெட்டியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சுகர் இருக்கா?"

அவர்கள் புடவை நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

"இன்சுலின் போட்டுண்டேளா? காலம்பற? சொல்லுங்கோ."

"போட்டேன்" என்றார்கள், தப்பு செய்த குழந்தைபோல. "வீட்டுலயே போட்டுட்டேன்."

போட்டுவிட்டு இரண்டு பிஸ்கட். அதற்கப்புறம் எவ்வளவு நேரமாகிவிட்டது. கணவரோடு போகும்போதெல்லாம் என் கைப்பையில் சாக்லேட்டும் குளுகோஸ் பொடியும் இருக்கும். இன்றைக்குக் கைப்பையை டைனிங் டேபிளில் வைத்துவிட்டு, பைனாகுலர் பையை மட்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கவிழ்த்துக் கொட்டினேன். கண்ணாடி துடைக்கும் துணி, தொப்பி, தண்ணீர் பாட்டில். அவர்களுடைய கைப்பையிலும் பார்த்தேன். பர்ஸ், சாவிக்கொத்து, விபூதிப் பொட்டலம்.

"சக்கர் ஹை க்யா? குச் பீ மீட்டா?" என்று படகுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். சர்க்கரை, இனிப்பு, எதுவானாலும் கொடு என்று. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்திலிருந்த உள்ளான்கள் மொத்தமாக எழுந்து பறந்தன.

அவர் அவர்களை ஒரு பார்வை பார்த்தார். எஞ்சினுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில், கரும்சிவப்பாக. கோக்கம் பழ சர்பத். அவர் மனைவி வெயிலுக்காகக் கலந்து கொடுத்தனுப்பியது. நான் ஒரு வாய் ருசி பார்த்தேன். நல்ல தித்திப்பு. அந்த முகம் தெரியாத பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அவர்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்றார்கள். "வேண்டாம், சக்கர போட்டது, டாக்டர் ஏசுவாரு" என்று முகத்தைத் திருப்பினார்கள். தோளைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர்ட்ட நான் சொல்லிக்கறேன். ஒரு வாய். இன்னும் ஒரு வாய்" என்று சொல்லிச் சொல்லிக் குடிக்கவைத்தேன். கொஞ்சம் புடவையில் சிந்தியது. முக்கால் பாட்டில் உள்ளே போயிற்று. படகுக்காரர் தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

காத்திருக்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. குடித்த உடனே எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்மணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் மருமகளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஓடியது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. கட்டடங்கள், சாலையில் போகும் லாரிகள்கூடத் தெரிகின்றன. போக வழியில்லை.

அப்புறம் என் தோளில் சாய்ந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்கள்.

"என்ன, இன்னும் இங்கனதான் கெடக்கோமா?"

அந்தக் குரலில் சலிப்பு இருந்தது, சுத்தமான, தெளிவான சலிப்பு. அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"மழை வருமா?" என்று சோதித்தேன்.

"இந்த வெயில்ல என்ன மழ?"

நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. படகுக்காரரும் எதற்கென்று தெரியாமலேயே சிரித்தார்.

சர்பத் மட்டும் போதாது, மேலே ஏதாவது சாப்பிட வேண்டும் என்றேன். படகுக்காரர் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்துத் திறந்தார். அரிசி மாவு பாக்ரி, அடை மாதிரி கனமாக. அதற்குத் தொட்டுக்கொள்ள உலர்ந்த இறாலில் காரமாகச் செய்த சட்னி. வாசனை படகு முழுக்கப் பரவியது. அவர்கள் டப்பாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கையை நீட்டவில்லை.

"வெறும் ரொட்டிய மட்டும் தின்னுக்கிடுதேன்" என்றார்கள்.

"ஏன்? சட்னி பிடிக்காதா?"

"பிடிக்காம என்ன. நீங்க பக்கத்துல இருக்கீயளே, மேடம்."

"எனக்கொண்ணும் ஆகாது. காரமா இருந்தா நிறையச் சாப்பிடுவேள். தொட்டுண்டு சாப்பிடுங்கோ."

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு பாக்ரியைப் பிய்த்துச் சட்னியில் நன்றாகத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கண்ணை மூடி மென்றார்கள். அவ்வளவு ருசித்து அவர்கள் சாப்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் "போதும், போதும்" தான். எனக்கு ஒரு வெறும் பாக்ரியைப் படகுக்காரர் நீட்டினார். பசியில் அது தேவாமிர்தமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கையைப் பாட்டில் தண்ணீரில் அலம்பிய பிறகு நான் கேட்டேன். "சுகர் இருக்குன்னு சொல்லியிருக்கலாமே? எங்காத்துல வந்து ஊசி போட்டுண்டிருக்கலாமே?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். "எங்க நாத்தனாதான் சொன்னா. சம்மந்தி வீட்டுல மூச்சு விடாத, தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு பேசுவாக. படிச்சவுக, எல்லாத்தையும் நோண்டிப் பாப்பாகன்னு. கல்யாணத்துக்கு முந்தியே சொல்லலை, இனிமே சொன்னா மறைச்சோம்னு ஆயிரும். அதான் உங்க வீட்டுக்கு வார அன்னைக்கெல்லாம் வீட்டுலயே போட்டுட்டு வந்துருவேன்."

"எங்காத்துக்காரருக்கு இருபது வருஷமாச் சுகர்" என்றேன்.

"அண்ணனுக்கா?"

"தினம் ரெண்டு வேளை ஊசி. பாயசம் வேண்டாம்னு சொன்னாரே கல்யாணத்தன்னிக்கு, ஞாபகமிருக்கா?"

"நாங்க செஞ்சது பிடிக்கலையோன்னுல்லா நெனச்சேன்" என்றார்கள். "அதையே நெனச்சு ரெண்டு நாளு தூக்கமில்ல, மைனி."

மைனி என்று அவர்கள் சொன்னதை அவர்களே கவனித்தார்களா என்று தெரியாது. அண்ணன் பெண்டாட்டியை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பூநாரைகள் வந்தன. தண்ணீர் இறங்க இறங்க, அவை புதுச் சேற்றைத் தேடி எங்கள் பக்கமாக மெல்ல மேய்ந்துவந்திருக்கின்றன. நாங்கள் பேச்சில் கவனிக்காமல் இருந்துவிட்டோம். பேச்சை நிறுத்தியபோது படகின் இரண்டு பக்கமும் அவை நின்றிருந்தன. பைனாகுலரே தேவையில்லை. பெரிய இனம் வெளுப்பாக, சிறிய இனம் நல்ல ரோஜா நிறத்தில், அலகு மட்டும் கிட்டத்தட்டக் கறுப்பான சிவப்பாக. ஒரே இடத்தில் நின்று கால்களால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கி, கழுத்தை இறக்கி, தலையைத் தலைகீழாக நீருக்குள் இழுத்துக்கொண்டுபோய்த் தின்றன. ஓயாமல் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டும் இருந்தன. அலகில் தண்ணீர் சலசலப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருஷம் கோடாகப் பார்த்தவற்றின் கண் நிறம் தெரிந்தது. மஞ்சள்.

மூன்று பேரும் அசையவில்லை. படகுக்காரர் பீடியைக்கூடப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சண்ட போடுதுவ" என்று கிசுகிசுத்தார்கள் என் சம்பந்தி. "அந்த நெட்டச்சி இருக்கால்லா, யாரையும் பக்கத்துல அண்டவிடமாட்டேங்கா. பாத்தியளா, கொத்திட்டா."

அப்புறம் ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார்கள். இதுக்குக் கால் நோவுது, அது குட்டி, இன்னும் நிறம் ஏறலை, அந்த ரெண்டும் ஜோடி. பல வருஷம் கடையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்த கண். நான் தலையாட்டிக்கொண்டே பார்த்தேன்.

சூரியன் படகுக்காரர் காட்டிய இடத்துக்கு வந்தபோது படகின் அடியில் ஒரு சிறு அசைவு தெரிந்தது. பிறகு இன்னொன்று. பூநாரைகள் தள்ளிப்போக ஆரம்பித்தன. "பர்தி" என்றார் படகுக்காரர். நீர் ஏறுகிறது. கழியை ஊன்றித் தள்ளினார். படகு வழுக்கிக்கொண்டு மிதந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

கரையில் அவர் தம்பியும் இன்னும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள். சர்பத் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் மனைவியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஹிந்தியில் விரிவாகச் சொல்லிவிட்டு வந்தார்கள் சம்பந்தி. கடை ஹிந்தி, தங்குதடையில்லாமல் வந்தது.

வீட்டில் என் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டதும் வேறு எதுவும் பேசாமல் உள்ளே போய்த் தன் சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார். புது ஊசியைப் போட்டு, "விரலை நீட்டுங்கோ" என்றார். அளவு சரியாக இருந்தது. பிறகு அவர்கள் அவருடையதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவருக்குக் கூடுதலாகக் காட்டியது.

"அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீய?"

"ஒண்ணுமில்லை. கவலையில ரெண்டே ரெண்டு ஜிலேபி" என்றார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே அவரை ஏச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேலை மிச்சம்.

அடை வார்க்க வார்க்க இரண்டு பேரும் டேபிளில் உட்கார்ந்து எந்த இடத்தில் குத்தினால் வலிக்காது, எந்த டாக்டர் பயமுறுத்த மாட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டதும் கொஞ்சம் படுங்கோ என்றேன். மறுப்பார்கள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. எங்கள் படுக்கையறையில் ஃபேனைப் போட்டுவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

கடைசி அடையை நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். மருமகளின் போன் வந்தது. மூக்கடைத்த குரலில், "அத்தை, எப்படி இருந்துச்சு? அம்மா ஒழுங்கா பேசினாங்களா?" என்று கேட்டாள்.

"உங்கம்மா தூங்கறா" என்றேன். "எழுந்ததும் பேசச் சொல்றேன். நிறையச் சொல்லுவா."